நோயாளியாக இருக்கத் தெரியாதவள்

என் அக்காவோடு பஸ்ஸில் போவது ஒரு தண்டனை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அவள் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். "அந்த ஆளு கையில நரம்பைப் பாரேன், கண்ணை மூடிட்டு ஊசி போடலாம்" என்று என் காதில் கிசுகிசுப்பாள். இரண்டு பெண்கள் தன்னைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த மனிதர் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொள்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அக்கா நர்ஸ். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர நோயாளிகள் வார்டில் வேலை. அவசரப் பிரிவில் வந்து விழுகிறவர்களில், ஐ.சி.யூ.வுக்கு அனுப்பும் அளவுக்கு மோசமில்லை, ஆனால் சாதாரண வார்டில் விட்டுவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியாது என்கிற ரகம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். காலையில் சிரித்துப் பேசியவர் மத்தியானம் கவிழ்ந்துவிடுவார். நேற்றுக் கவிழ்ந்தவர் இன்று எழுந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டைக்கு வருவார். சண்டைக்கு வருகிறவர்களை அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும். "நம்மளத் திட்ட ஆரம்பிச்சுட்டாங்கன்னா பொழச்சுட்டாங்கன்னு அர்த்தம்" என்பாள். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீட்டில் நான்தான் ரொம்ப ஆரோக்கியமானவள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். பயந்துபோன ஆட்களின் பக்கத்தில் உட்கார்வதுதான் எங்கள் இருவருக்குமே பிழைப்பு. வித்தியாசம் என்னவென்றால், நான் கத்துவேன், அவள் கத்த மாட்டாள். என்னிடம் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி குடலில் ஏதோ பிரச்சினை என்று அக்கா வார்டில் போய்ப் படுத்திருந்தாள். "உங்களுக்கு இப்படி ஒரு அக்காவா?" என்று பிறகு என்னிடமே கேட்டாள். அவளுக்கு நான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி.

அக்கா வீட்டுக்கு வந்தாலும் வார்டு அவளை விட்டு இறங்காது. அவள் பெண்ணுக்குத் தலைவலி என்றால், "பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள எவ்ளோ வலிக்குது?" என்று கேட்பாள். "பதினொண்ணு" என்று அந்தக் கழுதை பதில் சொல்லிவிட்டு ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கும். படுக்கை விரிப்பின் மூலைகளை அக்கா மடித்துச் செருகினால், ராத்திரி கால்களை உள்ளே நுழைக்க நாம் மல்லுக்கட்ட வேண்டும். சாப்பாடு தட்டில் விழுந்த வேகத்தில் காலியாகிவிடும். மென்று தின்னச் சொன்னால், "மென்னுட்டிருந்தா யாராவது பெல் அடிச்சுடுவாங்க" என்பாள். வீட்டில் யார் பெல் அடிக்கப் போகிறார்கள்? கேட்டால் சிரிப்பாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவள் கையைப் பிடிப்பதுதான் ஏமாற்று வேலை. உங்களுக்குக் கொஞ்சம் சளி, கொஞ்சம் சோர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். நாடி பார்க்கிறாள் என்று நினைப்பீர்கள். முதல் பாதிதான் நாடி. அப்புறம் கையை விடாமலே, ஓரக்கண்ணால் உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பாள். "உங்க மூச்சை எண்ணப் போறேன்னு சொன்னா மனுஷன் மூச்சு விடறதே மாறிடும். அதனால சொல்லக் கூடாது" என்று அவளே ஒருமுறை ரகசியத்தை உடைத்தாள். அன்றிலிருந்து அவள் பாசமாகக் கையைப் பிடித்தாலே நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படி ஊருக்கெல்லாம் வலியை விசாரிக்கிறவள், தன் வயிற்று வலியை ஒரு வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. வாயுத் தொல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டூட்டிக்குப் போயிருக்கிறாள். கடைசியில் ஒரு பெரியவருக்கு சலைன் மாற்றிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, அவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். பெல்லை அழுத்தி ஆள் கூப்பிட்டது அந்த நோயாளிதான். பித்தப்பை பழுத்துப்போய் இருந்தது. அன்றே ஆபரேஷன். முடிந்த பிறகு இதயத் துடிப்பு கொஞ்சம் தாறுமாறாக ஓடியதால், சில நாட்கள் மானிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு இடம் இருந்தது ஒரே ஒரு வார்டில்தான். அவளுடைய வார்டிலேயே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

அத்தான் அரண்டுபோனார். அக்காவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சத்தமாகப் பேசியே பழக்கமில்லாத மனிதர். அவர் முடிவே எடுத்துவிட்டார். அவருடைய சிநேகிதர் ஒருவர் உடல் பரிசோதனை மையம் நடத்துகிறார். காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை லீவு, வருகிறவர்கள் எல்லாரும் நடந்து வருகிற ஆரோக்கியசாலிகள். ரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்து அனுப்பினால் போதும். அக்காவுக்கு அங்கே இடம் பேசிவிட்டார்.

"இந்த வார்டு உன்னைத் தின்னுட்டுதான் விடும். போதும்" என்றார் அவளிடம்.

"யோசிக்கிறேங்க" என்றாள் அக்கா.

வார்டின் தலைமை நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாவும் பதிலுக்குக் காத்திருந்தார். அக்காவின் இடத்துக்கு வேறு வார்டிலிருந்து வர ஒருத்தி தயாராக இருந்தாள். அக்கா வீட்டுக்குப் போவதற்குள் இருக்கிறாளா, போகிறாளா என்று சொல்லியாக வேண்டும். போய்விட்டால் இந்த வார்டில் மறுபடி இடம் கிடைப்பது லேசில்லை.

துணைக்கு நான் இருந்தேன். அக்காவுக்குத் துணை இருப்பதற்குப் பதில் புதிதாக ஓட்டக் கற்கும் பத்துப் பேரை வைத்துக்கொண்டு சந்தைத் தெருவுக்குள் வண்டியை விடலாம். படுத்துக்கொண்டே வார்டை நடத்தினாள். எங்கோ ஒரு மெஷின் கூவினால் தலையைத் தூக்குவாள். "அது பேட்டரி தீர்ந்த சத்தம். யாரும் ஓட வேண்டாம்" என்பாள். அவள் சலைன் வேகத்தை அவளே திருகிக் குறைப்பதைப் பெரிய சிஸ்டர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"நீங்க இப்போ பேஷன்ட். பேஷன்ட் மாதிரி படுங்க."

"சரி சிஸ்டர்."

"கையை எங்க வெச்சிருக்கீங்க?"

"போர்வைக்குள்ள சிஸ்டர்."

"ரெண்டு கையும்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டில் எங்கள் எல்லார் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டுகிறவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் எடுத்துக் காட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாண்டரி அம்மா. சொந்தமாகத் துணி வெளுத்து இஸ்திரி போடும் கடை வைத்திருப்பவர். நுரையீரலில் சளி கட்டி வந்து, தேறிக்கொண்டிருந்தார். வாய் ஓயாது. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தடவிப் பார்த்து, "இதுக்குப் பேரு இஸ்திரியா? எங்கிட்ட வேலை பார்த்தவன் இப்படிப் போட்டிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்பார். டாக்டர் கோட்டில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்து, அது எதனால் வந்தது, எதைப் போட்டால் போகும் என்று விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் நெஞ்சைப் பரிசோதிக்கவே விட்டார். அவருக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் லாண்டரி அம்மா கண்ணயர்ந்திருந்தபோது நான் வாயை விட்டேன்.

"என்னதான் முடிவு பண்ணியிருக்கே?"

அக்கா கூரையைப் பார்த்தபடி பேசினாள். "முட்டி வலிக்குதுடி. நிஜமாவே வலிக்குது. ஷிப்ட் முடிச்சு வந்தா செருப்பைக் கழட்டக்கூட குனிய முடியல. அவர் சொல்றதுல தப்பே இல்ல."

"அப்போ போயிடு."

"அங்க வர்றவங்க எல்லாரும் நல்லா இருப்பாங்க. நல்லா இருக்கறவங்களை நான் என்னடி பண்ணுவேன்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. போவதென்றால் போக வேண்டும், இருப்பதென்றால் இருக்க வேண்டும். இண்டிகேட்டரை ஒரு பக்கம் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அதை அப்படியே சொன்னேன். "நீ டிரைவிங் சொல்லிக்கொடு, போ" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு அத்தான் வந்தார். மாற்று உடைகள், ஒரு பையில் பழம். வந்ததும் வராததுமாக, "யோசிச்சியா?" என்றார். "யோசிச்சிட்டேதாங்க இருக்கேன்" என்றாள். அவர் முகம் சுருங்கியது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்பி வருவதாகச் சொல்லி நடைபாதைக்குப் போனார்.

லாண்டரி அம்மா அப்போது விழித்திருந்தார். தன் கடைக்கு வந்த ஒரு கல்யாண உடையில் மை கொட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மையைப் போக்கினாரா இல்லையா என்கிற இடத்துக்கு வரும்போது நிறுத்திவிட்டார். கதை சொல்கிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம்தானே என்று நான் காத்திருந்தேன். அக்கா காத்திருக்கவில்லை. அவள் கண் லாண்டரி அம்மாவின் போர்வைமேல் இருந்தது. உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"அம்மா, அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள், சாதாரணமாக.

லாண்டரி அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு வார்த்தை வந்தது. நடுவில் மூச்சு வாங்கியது.

அக்கா பெல்லை அழுத்தினாள். சின்ன வயது நர்ஸ் ஒருத்தி உடனே வந்தாள். "மூச்சு ஏறிட்டே போகுதும்மா. டாக்டரைக் கூப்பிடு" என்றாள் அக்கா. அந்தப் பெண் ஒரு நொடியில் புரிந்துகொண்டு, லாண்டரி அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த சலைனை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நல்ல பெண். அவள் கதவைத் தாண்டியிருக்க மாட்டாள், லாண்டரி அம்மாவின் உதடு சாம்பல் நிறத்துக்குப் போனது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். என் வண்டியில் என் காலடியில் எப்போதும் ஒரு பிரேக் இருக்கும். இங்கே மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

திரும்பிப் பார்த்தால் அக்காவின் கட்டில் காலி. வயிற்றில் தையல், நெஞ்சில் ஒட்டிய வயர்கள், எல்லாவற்றையும் மறந்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள். தான் நோயாளி என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. லாண்டரி அம்மாவின் கட்டில் தலைமாட்டை நிமிர்த்தி, அவரைத் தோளோடு அணைத்து உட்காரவைத்து, இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, சுவரில் இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை மூக்கில் பொருத்திவிட்டாள். அந்த வேகத்தில் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இருந்த துணித் திரையும் அவள் தோளில் பட்டு இழுபட்டு மூடிக்கொண்டது.

அவள் நெஞ்சு வயர்கள் பாதி பிய்ந்து, பாதி ஒட்டிக்கொண்டு நீண்டு கிடந்தன. மெஷினுக்கு என்ன தெரியும்? அது நேர்கோடு போட்டது. நர்ஸ்கள் மேசையில் இருந்த பெரிய மானிட்டரிலும் அதே நேர்கோடு. அலறல் வார்டையே உலுக்கியது.

ஓடிவந்தார்கள். பெரிய சிஸ்டர் முன்னால், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர், டாக்டர், பின்னால் ஆக்சிஜன் சிலிண்டரோடு வார்டு உதவியாளர். அத்தனை பேரும் வந்து நின்றது அக்காவின் கட்டில் முன்னால். கட்டிலில் ஆளே இல்லை. மானிட்டர் உயிர் போய்விட்டது என்கிறது, படுக்கையில் உடம்பைக் காணவில்லை. அத்தனை வருஷ அனுபவத்தில் பெரிய சிஸ்டர் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்க மாட்டார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், சத்தியமாக.

அதே நேரத்தில் தண்ணீர் பாட்டிலோடு அத்தான் உள்ளே வந்தார். வண்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மானிட்டரில் அந்த நேர்கோட்டைப் பார்த்தார். பாட்டில் கையை விட்டு நழுவி உருண்டு போனது. அவர் முகத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்தான் வந்தது.

"அங்க இல்ல. இங்க வாங்க எல்லாரும்."

பெரிய சிஸ்டர் திரையை இழுத்தார். லாண்டரி அம்மாவைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திறந்த நோயாளிச் சட்டையில், நெஞ்சிலிருந்து வயர்கள் தொங்க அக்கா நின்றிருந்தாள். "நுரையீரல்ல தண்ணி ஏறுது டாக்டர். சலைன் நிறுத்தியாச்சு" என்றாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டி இந்தப் பக்கம் திரும்பியது. எந்தக் கட்டிலுக்கு வேண்டுமோ அந்தக் கட்டிலின் பக்கத்தில் அத்தனை பேரும், அத்தனை மருந்தும், ஓடி வரவேண்டிய வேலை மிச்சமில்லாமல் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள்.

ஊசி ஏறியது. அக்கா பிடித்த பிடியை விடவில்லை. "மெதுவா, மெதுவா. என் கூட சேர்ந்து விடுங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று லாண்டரி அம்மாவின் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தான் காலியான கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"அவ குரலைக் கேட்டியா?" என்றார் என்னிடம். "வீட்டுல ஒரு பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடறவ."

அத்தானுக்கு இந்த வார்டு என்றால் அவள் வீங்கிய காலோடு திரும்பி வருகிற இடம், அவ்வளவுதான். அது எதற்காக வீங்குகிறது என்பதை அன்றுதான் பார்த்தார். நானும்தான். எனக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது. என் அக்கா, என் அக்கா என்று அந்த வார்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அப்புறம் நடந்ததை அப்படியே எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. உடம்பில் தேங்கிய தண்ணீர் சிறுநீராக வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊசி. எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். லாண்டரி அம்மாவின் கட்டிலோரம் தொங்கிய பையில் முதலில் கொஞ்சம் இறங்கியது, பிறகு நிறைய, பிறகு பை மாற்றும்படி ஆயிற்று. சின்ன நர்ஸ் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். டாக்டர், "சபாஷ்" என்றார். பரிசுக் கோப்பைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்து நான் பார்த்ததில்லை. லாண்டரி அம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுத்தார். அக்கா காதை அருகில் கொண்டு போனாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"உங்க கோட்டுல அந்தக் கறை இன்னும் போகலையாம்."

வார்டே சிரித்தது. டாக்டர் கறையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் பெரிய சிஸ்டர் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து படுக்கவைத்தார். தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிரியவில்லை. அதன் பிறகுதான் வசவு ஆரம்பித்தது. வயர்களை ஒவ்வொன்றாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டே, ஒவ்வொரு வயருக்கும் ஒரு வசவு. அத்தானும் நானும் அந்தப் பக்கமே போகவில்லை. கீழே உருண்ட பாட்டிலைத் தேடுகிற சாக்கில் நடைபாதைக்குப் போய்விட்டோம்.

அக்காவின் இதயம் அதற்கப்புறம் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் லாண்டரி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மையைப் போக்கிய கதையின் மிச்சத்தையும் சொல்லி முடித்திருந்தார். (போக்கிவிட்டார். எப்படி என்பது தொழில் ரகசியமாம்.) அத்தான் துணிமணிகளைப் பையில் அடுக்கினார். "இன்னும் யோசிக்கிறியா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள் அக்கா. அவர் தலையாட்டிக்கொண்டார். அன்று அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்ததை லாண்டரி அம்மாவே பாராட்டினார். ஏதோ முக்கியமான காரியத்துக்குத் தயாராகி வந்த மாதிரி இருந்தது.

நர்ஸ்கள் மேசைக்குப் போனோம். அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், நானும் நிறைய யோசிச்சேன். இவளை அந்த சென்டருக்கு மாத்தணும்னு ஒத்தைக்கால்ல நின்னேன். வேண்டாம். இவ இருக்க வேண்டிய இடம் இதுதான். இங்கயே இருக்கட்டும். மனசாரச் சொல்றேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா அவங்க அன்னிக்கே சொல்லிட்டாங்களே. வயரை ஒட்டிட்டு நான் திட்டிட்டு இருக்கேன், 'அடுத்த மாசம் எனக்கு டூட்டி போட்டுருங்க சிஸ்டர்'ங்கறாங்க. போட்டாச்சு."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

"அப்போ இன்னிக்குக் காலையில வரைக்கும் யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னு எங்கிட்ட எதுக்குச் சொன்னே?"

"நீங்க இன்னும் யோசிச்சு முடிக்கலையே" என்றாள் அக்கா.

என்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சின்ன நர்ஸ் மருந்துத் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"முதல் ஷிப்ட் காலையிலயா, மத்தியானமா? சொல்லிட்டீங்கன்னா கடையை லேட்டாத் தொறந்துக்குவேன். நான்தானே கொண்டாந்து விடணும்."